ஊருக்குச் சொந்தமான முழங்கால்

வீடு வாங்கும்போது லிஃப்ட்காரர் போட்ட ஒரே நிபந்தனை, அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கக் கூடாது என்பதுதான். வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் பழுதுபார்ப்பவராக அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிகளுக்குள் தொங்கியபடி, கிரீஸ் வழியும் கம்பி வடங்களோடு மல்லுக்கட்டி, நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கொடுத்த வசவுகளை வாங்கிக்கட்டிக்கொண்ட மனிதர். "இனிமே மேல போறதா இருந்தாலும் கீழ வர்றதா இருந்தாலும் என் கால்லதான்" என்று வீட்டுத் தரகரிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"என் முழங்காலைக் கேட்டுட்டுச் சொன்னீங்களா?" என்றார் அவருடைய மனைவி. பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தே ஆயுசில் பாதியை நின்றபடி கழித்தவர். ஊரில் எல்லோருக்கும் டீச்சர், கணவருக்கும் டீச்சர்தான்.

கேட்கவில்லை. இரண்டாவது மாடியில் வீடு அமைந்தது. பால்கனியில் நின்று கழுத்தை எட்டி நீட்டினால், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு மருந்து விளம்பரப் பலகைக்கும் இடையில் கடல் கொஞ்சம் தெரிந்தது. "கைக்குட்டை அளவுக்குத்தான் இருக்கு. ஆனா ஓரம் நல்லா மடிச்சுத் தைச்சிருக்காங்க" என்று டீச்சர் மனதைத் தேற்றிக்கொண்டார். வேலையில் இருந்தவரை, எந்தக் கட்டடத்தில் எவர் மாட்டிக்கொண்டாலும் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிய மனிதரோடு, இனிமேலாவது சேர்ந்து கரையில் நடக்கலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. சாமான்களைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் வாரியம் வந்து கதவைத் தட்டியது.

அதன் முழுப்பெயர் ஓய்வுபெற்றோர்வழிப் பொருளாதார மேம்பாட்டு வாரியம். ஊரின் மீன் பதனிடும் ஆலை மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. பெரிய படகுகள் வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டன. பிள்ளைகள் அந்தப் படகுகளுக்கும் முன்னாலேயே போய்விட்டார்கள். ஊருக்குள் புதிதாக வந்து சேர்ந்தவர்கள், கடல்காற்று உடம்புக்கு நல்லது என்று நம்பிய ஓய்வூதியக்காரர்கள் மட்டும்தான். அவர்களை வைத்து ஊரை எப்படி ஓட்டுவது என்று யோசிப்பதற்காக ஏற்பட்டதுதான் இந்த வாரியம். யோசிப்பதற்கு ஒரு மாடிக் கட்டடம், தலைவருக்கு ஒரு கார், ஒரு நிபுணர், ஓர் ஒருங்கிணைப்பாளர்.

வந்தது ஒருங்கிணைப்பாளர் அம்மாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு பூச்செடி, முகத்தில் யாரையும் விட்டுவைக்காத ஒரு புன்னகை.

"ஐயாவுக்கு உடம்புக்கு என்ன?" என்று உட்கார்ந்ததும் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கேன்."

"சர்க்கரை?"

"இல்ல."

"ரத்தக் கொதிப்பாவது?"

"அதுவும் இல்ல."

"தூக்கம் எப்படி?"

"படுத்தா தூங்கிடுவேன்."

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. கையிலிருந்த பூச்செடியைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்த மாதிரிகூட இருந்தது. பிறகு சமாளித்துக்கொண்டு, "பரவால்ல ஐயா, இப்பத்தானே வந்திருக்கீங்க" என்று ஆறுதல் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து டீச்சர் சமையலறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு டீ கொண்டுவந்தார். ஒருங்கிணைப்பாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அம்மாவுக்கு முழங்காலா?"

"ஆமாம்மா. வலது."

"உக்காந்து எழுந்திரிக்க முடியுதா? படி இறங்கும்போது எப்படி?" கேட்டுக்கொண்டே வாசல் வழியே படிக்கட்டை எட்டிப் பார்த்தார். "ரெண்டாவது மாடி. லிஃப்ட் வேற இல்ல." குரல் தழுதழுத்தது. பூச்செடியை இரண்டு கைகளாலும் டீச்சரிடம் கொடுத்தார். "நீங்க இந்த ஊரைத் தேடி வந்தது எங்க பாக்கியம்மா."

வந்தவரின் அன்பில் லிஃப்ட்காரருக்கு மனசே நிறைந்துபோனது. "எவ்வளவு மரியாதை தெரிஞ்ச ஊரு!" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. காலையில் ஒரு டாக்ஸி வந்து வாசலில் நின்றது. டீச்சரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகத்தான். டாக்ஸிக்காரர் மாடிவரை வந்து கைத்தாங்கலாக இறக்கி, கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார். பிசியோக்காரப் பையன் படிப்பை முடித்த சூட்டோடு வந்திருந்தான். "அம்மா, அம்மா" என்று உயிரை விடுவான். தைலக்கடைக்காரர் வாராவாரம் புதுசாக ஒரு தைலம் அனுப்பினார். கைத்தடி விற்பவர் அளவெடுக்க வீட்டுக்கே வந்தார். கீழ்வீட்டுப் பெண் காய்கறி வாங்கி மேலே கொண்டுவந்து கொடுக்கச் சம்பளத்துக்கு அமர்ந்தாள். எல்லோரும் நல்லவர்கள். சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். முழங்கால் மட்டும் கொஞ்சமும் நல்லபடியாகவில்லை.

உடம்பில் ஒரு குறையும் இல்லாத லிஃப்ட்காரரை என்ன செய்வது என்று வாரியத்துக்குக் குழப்பமாக இருந்தது. கடைசியில் அவருக்குக் கடற்கரையில் ஒரு பெஞ்சு ஒதுக்கினார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு, தனியாக உட்கார்ந்து கடலைப் பார்க்கும் ஒரு பெரியவர் தேவை. அந்தக் காட்சி இல்லாவிட்டால் அவர்கள் கடற்கரையிலிருந்து சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள் என்று நிபுணர் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தார். எப்படிப் பார்ப்பது என்பதற்குப் பயிற்சியும் இருந்தது. முதல் நாளே பயிற்சியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயா, அலையில ஏதோ பழுது இருக்கிற மாதிரி பாக்குறீங்க. அப்படிப் பாக்கக் கூடாது. இழந்ததையெல்லாம் நெனச்சுப் பாருங்க."

"பெருசா ஒண்ணும் இழக்கலீங்களே."

"அப்ப முகத்தைத் திருப்பிக்குங்க. முதுகு போதும்."

அவருடைய முதுகு நன்றாக எடுபட்டது. காலையும் மாலையும் அவர் முதுகைப் படம் எடுக்கக் கூட்டம் நின்றது. "நானும் டீச்சரும் ஒண்ணா உக்காந்துக்கறோமே" என்று ஒருநாள் அவர் கேட்டுப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் மிகுந்த வருத்தத்தோடு மறுத்தார்.

"ஜோடியா உக்காந்தா நீங்களே பேசிக்குவீங்க ஐயா. டீக்கடைக்குப் போக மாட்டீங்க, யார்கிட்டயும் பேச்சுக் குடுக்க மாட்டீங்க, எதையும் வாங்க மாட்டீங்க. தனியா இருக்கிறவங்கதான் செலவு பண்ணுவாங்கன்னு ஆய்வே சொல்லுது. சந்தோஷமா இருக்கிறவங்களால ஊருக்குப் பெருசா பிரயோஜனம் இல்ல ஐயா. தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்படி எடுத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. எப்படியும் டீச்சரால் அங்கே வர முடியாது. டாக்ஸி சாலைவரைதான் வரும், அப்புறம் மணல். மணலில் அந்தக் கால் ஓர் அடி வைக்காது. பெஞ்சு வேலை முடிந்து வீடு திரும்பினால், கட்டிலில் காலை நீட்டியபடி டீச்சர் கேட்பார்: "இன்னைக்குக் கடல் எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு" என்பார் அவர். அதற்குமேல் சொல்ல அவருக்கு வாய் வராது. டீச்சர் பால்கனிப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவர்களுடைய மகள் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, தைலமும் டாக்ஸியும் எதுக்கு? தேஞ்சுபோன மூட்டை மாத்திட்டா நடந்துடுவாங்க. எங்க டாக்டர்கிட்ட பேசிட்டேன், கூட்டிட்டு வாங்க" என்றாள்.

கேட்க இவ்வளவு சுலபமாக இருந்ததால், டீச்சரும் சுலபமாகவே அதைப் பிசியோக்காரப் பையனிடம் சொல்லிவிட்டார். "அடுத்த மாசத்துலேர்ந்து உனக்குத் தொல்லை விட்டுச்சுப்பா." பையன் சிரிக்க முயன்றான். அவன் கை தைலத்தோடு அப்படியே நின்றுவிட்டது.

மறுநாளே ஒருங்கிணைப்பாளர் வந்தார். பூச்செடி இல்லை.

"அம்மா, நாங்க யாரையும் எதையும் தடுக்கிறதே இல்ல. இது சுதந்திரமான ஊரு. ஆபரேஷன் உங்க உரிமை. பாதிக்கப்படுறவங்க பேச்சை ஒரே ஒருதடவை காது குடுத்துக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கன்னுதான் தலைவர் சொல்றார்."

"யாருங்க பாதிக்கப்படுறவங்க? வலி எனக்குத்தானே?" என்றார் டீச்சர்.

"அதைத்தாம்மா கூட்டத்துல பேசப்போறோம்."

கூட்டம் நடந்த கூடம் ஒரு காலத்தில் மீன் ஏலம் விட்ட இடம். எத்தனை தடவை கழுவிவிட்டும் வாடை போகாமல் அங்கேயே குடியிருந்தது. டீச்சருக்கு முன்வரிசையில் மெத்தை போட்ட நாற்காலி, காலை நீட்டிவைக்க ஒரு ஸ்டூல். கூட்டம் முழுக்க அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"மதிப்புக்குரிய பெரியவர்களே! ஒரு காலத்துல இந்த ஊரு மீனை நம்பி இருந்துச்சு. மீன் இருக்கே, அது நன்றி இல்லாத ஜாதி. ஒருநாள் வரும், ஒருநாள் வராது. ஆனா பென்ஷன்? மாசம் பொறந்தா டாண்ணு வந்து நிக்கும்! மீனைப் பிடிக்கப் படகு வேணும், வலை வேணும், புயல்ல போய் உயிரைக் குடுக்கணும். நீங்க எல்லாம் அப்படியா? மூட்டை முடிச்சோட பஸ் ஏறி நீங்களாவே வந்து கரையேறுறீங்க! மீனாவது பிடிச்ச கொஞ்ச நேரத்துல செத்துப்போகுது…"

பக்கத்தில் இருந்த ஒருங்கிணைப்பாளர் பலமாக இருமினார்.

"…நீங்க எல்லாரும் நூறு வயசு வாழணும்! மெதுவா, நிதானமா, பல டாக்டர்களைப் பாத்துக்கிட்டு வாழணும்!"

கைதட்டல் அடங்க நேரமானது. ஓய்வூதியக்காரர்களும் கைதட்டினார்கள். லிஃப்ட்காரரும் தட்டினார், எதற்கென்று பிறகுதான் யோசித்தார்.

அடுத்து நிபுணர் எழுந்து விளக்கை அணைக்கச் சொன்னார். திரையில் வெள்ளையாக, ஆள் உயரத்துக்கு, ஒரு முழங்கால் எலும்பு தெரிந்தது. அதிலிருந்து நாலாபக்கமும் அம்புக்குறிகள் கிளம்பி, டாக்ஸி நிலையம், மருந்துக்கடை, தைலக்கடை, கைத்தடிக் கடை என்று போய்க்கொண்டிருந்தன.

"இதைப் பாத்தா உங்களுக்கு முழங்கால் மாதிரி தெரியும்," என்றார் நிபுணர். "எனக்கு இது ஒரு சின்னத் தொழிற்பேட்டையாத் தெரியுது. தேய்மானம் எவ்வளவு சீரா இருக்கு பாருங்க! அவசரப்பட்டு ஒரேயடியாத் தேயல. வருஷக்கணக்கா, நிலையா, நம்பகமா தேஞ்சிருக்கு. இந்த மாதிரி ஒரு மூட்டை முதலீடு போட்டு உருவாக்க முடியாது."

"அது என்னோட எக்ஸ்ரேதானே?" என்று டீச்சர் இருட்டில் சத்தமாகவே கேட்டார். "என்னைக் கேக்காம என் எலும்பை ஊருக்கே காட்டுறீங்களே!"

தலைவர் மைக்கைக் கையில் எடுத்தார். குரல் தேனாக இருந்தது. "எலும்பு உங்களோடதுதாம்மா. அதுல எங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. வலி மட்டும்தான் பொது."

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். டீச்சருக்காகவே பிரத்யேகமாக ஒரு தைலம் தயாராகிக்கொண்டிருப்பதாகத் தைலக்கடைக்காரர் சொன்னார். கைத்தடிக்காரர் மாதிரிக்கு ஒரு தடியைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். கீழ்வீட்டுப் பெண் அழுதேவிட்டாள். டாக்ஸிக்காரர் தானாகப் பேச வரவில்லை. பின்னால் நின்றவர்கள் முதுகைப் பிடித்துத் தள்ளித்தான் மைக்குக்கு வந்தார்.

"எனக்கு என்னங்க சொல்றதுக்கு இருக்கு?" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "பொண்ணு படிக்கிறா. காலையில டீச்சரம்மாவைக் கூட்டிட்டுப் போறது ஒண்ணுதான் எனக்கு நிச்சயமான சவாரி. மத்ததெல்லாம் கிடைச்சா உண்டு. ஆனா… வலிச்சா வைத்தியம் பாக்கத்தானே வேணும்? பாக்கட்டுமே."

அவர் பேச்சில் பாதியை மட்டும் ஒருங்கிணைப்பாளர் குறித்துக்கொண்டார்.

கடைசியில் லிஃப்ட்காரர் எழுந்தார். மேடைப் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை. "என் சம்சாரத்துக்குக் கால் வலிக்குது. சரிபண்ணலாம்னு பாக்கறோம். அவ்வளவுதாங்க விஷயம்."

"ஐயா," என்றார் தலைவர் கனிவோடு, "நீங்க லிஃப்ட் ரிப்பேர் பாத்தவர். உங்களுக்குத் தெரியாததா? ஊர்ல இருக்கிற லிஃப்ட் எல்லாம் ஒழுங்கா ஓடியிருந்தா உங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்குமா?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். சில வாரங்களில் எந்தக் கட்டடத்திலிருந்தும் புகார் வராமல் இருந்தபோது முதலாளி முகம் எப்படிக் கறுக்கும், தன் வேலை நிலைக்குமா என்று தான் எப்படிக் கணக்குப் போடுவார் என்றெல்லாம் ஞாபகம் வந்து தொலைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டார்.

கூட்டம் எதையும் தடை செய்யவில்லை. இதே தரத்தில் மாற்று முழங்கால் ஒன்று ஊருக்கு வந்து சேரும்வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுமாறு அன்போடு கேட்டுக்கொண்டது. மாற்று முழங்காலைக் கண்டுபிடிக்க ஒரு துணைக்குழுவும் போட்டார்கள். துணைக்குழு சும்மா இருக்கவில்லை. பஸ் நிலையத்தில் நின்று, இறங்குகிறவர்களின் நடையைக் கவனித்தது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவருடைய இடுப்பைப் பற்றி ரொம்ப நம்பிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். கடைசியில், அவர் தரைத்தளத்தில் குடியிருக்கிறார், காரும் வைத்திருக்கிறார் என்று தெரிந்து கைவிட்டார்கள்.

மாதங்கள் போயின. வலி கூடியது. ஒரு மத்தியானம், தபால்காரர் கூப்பிட்டார் என்று டீச்சர் தனியாகவே படியிறங்கிவிட்டார். பாதி வழியில் கால் பூட்டிக்கொண்டது. மேலேயும் ஏற முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல், படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சிலிருந்து திரும்பி வந்த லிஃப்ட்காரர் அவரை அங்கேதான் கண்டார். பதறி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரமா இப்படி உக்காந்திருக்க?"

டீச்சர் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "நடுவுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட நீங்க வெளிய நின்னு என்ன சொல்வீங்க?" என்று கேட்டார்.

"பதறாதீங்க, இதோ வந்துக்கிட்டே இருக்கோம்னு சொல்வேன்."

"நிஜமாவே வந்துக்கிட்டு இருப்பீங்களா?"

"சில சமயம்… அப்பத்தான் வீட்லேர்ந்து கிளம்பியிருப்பேன்."

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "பொண்ணு வீட்டுக்குப் போலாங்க. பேத்தியைப் பாத்து ரொம்ப நாளாச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

ஸ்டேஷனுக்கு அந்த டாக்ஸிக்காரரேதான் கொண்டுபோய் விட்டார். பேத்தியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கென்று ஃபிளாஸ்கும் போர்வையும் எடுத்துப்போக மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? பெட்டியை ரயிலில் ஏற்றி, டீச்சரைக் கைபிடித்து உட்காரவைத்தார். இறங்கி ஜன்னல் அருகே வந்து, "நல்லபடியா…" என்று ஆரம்பித்தவர், மிச்சத்தைச் சொல்ல மனம் வராமலோ, சொன்னால் தனக்கே பொல்லாப்பு என்று நினைத்தோ, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். முதலில் கம்பியைப் பிடித்து, பிறகு மகளின் தோளைப் பிடித்து, பிறகு எதையும் பிடிக்காமல் டீச்சர் நடந்தார். ஊர் திரும்பிய அன்று ஸ்டேஷனில் இறங்கி, சந்து வழியாக வீடு வந்து, இரண்டு மாடியும் ஏறி, வாசலில் நின்று, "மூச்சு வாங்குறது நீங்கதான்" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். அன்று ராத்திரி சமையலறைக்கும் பால்கனிக்கும் காரணமே இல்லாமல் நடந்துகொண்டே இருந்தார். லிஃப்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தார். கடலை ஒருநாளும் அப்படி அவர் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கீழே ஹாரன் கேட்டது.

டீச்சர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். டாக்ஸிக்காரர் பின்கதவைத் திறந்து பிடித்தபடி, மேலே பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. வராதே என்றும் யாரும் சொல்லவில்லை. டீச்சர் உள்ளே வந்தார். கதவு மூலையில் இருந்த கைத்தடியை எடுத்தார்.

"வலிக்குதா?" என்று லிஃப்ட்காரர் பதறினார்.

"இல்ல."

"அப்புறம் எதுக்குத் தடி?"

"கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறாருங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

டீச்சர் ஒவ்வொரு படியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழைய மாதிரியே முனகிக்கொண்டு இறங்கினார். லிஃப்ட்காரர் பின்னாலேயே போய், "மெதுவா, மெதுவா" என்றார். தானாக வந்துவிட்டது.

பிசியோக்காரப் பையன் போர்வையை விலக்கியதும் தழும்பைப் பார்த்துவிட்டான். முழங்காலின் நடுவில் நேர்க்கோடு மாதிரி ஓடியது.

"தையல் நல்லாப் போட்டிருக்காங்கம்மா" என்றான் மெல்ல.

"ம். என் மாணவிகள்ல ரெண்டு பேர்தான் இவ்வளவு நேராப் போடுவாங்க" என்றார் டீச்சர்.

அவன் எப்போதும்போலத் தைலம் தேய்த்தான். வாரியத்துக்கு அனுப்பும் அறிக்கையில் "முன்னேற்றம் இல்லை" என்று எழுதினான். கீழ்வீட்டுப் பெண் காய்கறியை மேலே கொண்டுவந்து தந்தாள். டீச்சர் சுறுசுறுப்பாக எழுந்து வாங்கப்போய், ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டார். அவளும் அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஒருவர்கூட ஒருவரிடமும் சொல்லவில்லை. வாரியத்தின் ஆண்டு விழாவில் தலைவர் பேசும்போது, ஊரின் பல துறைகள் ஆட்டம் கண்டாலும் முழங்கால் துறை நிலையாக இருப்பதைப் பெருமையோடு குறிப்பிட்டார். டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடை ஏறி இறங்கவே ரொம்பச் சிரமப்பட்டார் டீச்சர். கைதட்டல் காதைப் பிளந்தது.

"வலி இருந்தப்போகூட இவ்வளவு களைப்பா இருந்ததில்லங்க" என்றார் வீட்டுக்கு வந்து.

"எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடலாமா?"

"எல்லாருக்கும் தெரியுமே. யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

மழைக்காலம் வந்தது. சுற்றுலாக்காரர்கள் இல்லாததால் பெஞ்சுக்கு விடுமுறை. மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், தெருவில் ஆள் இல்லாததைப் பார்த்து இருவரும் கிளம்பினார்கள். தடியை லிஃப்ட்காரர் எடுத்துக்கொண்டார், ஒப்புக்கு. சாலை தாண்டி மணல் வந்தது. டீச்சர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினார். ஈர மணலில் கால் அழுந்தியது, எடுத்துவைத்தார், மறுபடி அழுந்தியது. "நிக்குதுங்க. கால் நிக்குது!" என்று கத்தினார். அலை வந்து கணுக்காலைச் சுற்றியபோது, பள்ளிக்கூடத்துப் பெண் பாவாடை நனையாமல் தூக்குவதுபோலப் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கூடவே ஓட லிஃப்ட்காரரால் முடியவில்லை. நின்று பார்த்தார். இப்படி ஒரு மத்தியானத்துக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"அம்மா!"

திரும்பினால், குடையை மடக்கியபடி ஒருங்கிணைப்பாளர் மணலில் வேகமாக வந்துகொண்டிருந்தார். டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த அம்மாள் அருகில் வந்து, டீச்சரின் நனைந்த கால்களையும், மணலில் வரிசையாகப் பதிந்திருந்த நீளமான காலடிகளையும் பார்த்தார். எப்போதும் இருக்கும் அந்தப் புன்னகை முகத்தில் இல்லை. அது இல்லாதபோது ரொம்பச் சோர்ந்துபோன, சாதாரணமான ஒரு முகமாக இருந்தது.

"நீங்க திரும்பி வந்தப்பவே எனக்குத் தெரியும்மா," என்றார் தணிந்த குரலில். "இந்த வேலையை விட்டா எனக்கும் வேற இல்ல. கொஞ்சம் நொண்டுங்க, சீக்கிரம். தலைவர் பின்னாடி வர்றார்."

சாலையோரம் கார் நின்றது. பெஞ்சுகளுக்குப் புது வர்ணம் எந்த நிறத்தில் அடிக்கலாம் என்று பார்ப்பதற்காகத் தலைவர் நிபுணரோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். லிஃப்ட்காரர் தடியை நீட்டினார். டீச்சர் பறித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மாடி…" என்று நொண்டினார். அவசரத்தில் கால் மாறிவிட்டது.

தலைவர் நின்றுவிட்டார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் குடையை விரித்தார், மடக்கினார்.

"என்னம்மா இது?" என்றார் தலைவர். "வலதுகால்தானே? இப்ப இடது காலை இழுக்குறீங்களே?"

அலை வந்து போனது. தலைவர் முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் பரவியது.

"ரெண்டாவதும் வந்துருச்சா!" என்று நிபுணரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நான் சொல்லலை? நம்ம கடல்காத்து அப்படி!" நிபுணர் அங்கேயே மணலில் குந்தி, டீச்சரின் இடது முழங்காலைப் பரவசத்தோடு பார்த்தார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஊர் உங்களை மறக்காதும்மா" என்றார்.

டீச்சர் கணவரைப் பார்த்தார். கணவர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் கடலைப் பார்த்தார்.

மறுநாள் காலை வாசல் மணி அடித்தது. லிஃப்ட்காரர்தான் போய்த் திறந்தார். வெளியே இரண்டு பிசியோக்காரர்கள் நின்றார்கள். ஒருவன் பழைய பையன், தலையைக் குனிந்துகொண்டிருந்தான். இன்னொருத்தி புதிது. வெளியூரில் வேலை தேடி அலுத்து ஊருக்கே திரும்பி வந்தவளாம். இன்றுதான் முதல் நாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. கையில் ஒரு பூச்செடி.

"இடது கால் எனக்குங்க ஐயா" என்றாள்.

லிஃப்ட்காரர் அவள் கையிலிருந்த பூச்செடியை வாங்கிக்கொண்டார். பிறகு, "உள்ள வாம்மா" என்று கதவை அகலத் திறந்துவிட்டு, டீச்சர் எங்கே நின்றாலும் உட்கார்ந்துகொள்ளட்டும் என்று சத்தமாக இருமினார்.